பழைய வண்டிக்குப் புதிய வில்

உங்களுள் கட்டை வண்டியில் பயணம் செய்தவர்கள் அநேகமாக ஒருவரும் இரார். நான் சிறுவனாய் இருந்த நாளில் மாப்பிள்ளையூரணியிலிருந்து தூத்துக்குடிச் சந்தைக்குக் கட்டை வண்டியில் போய்வந்தவன். அச்சின்மீது நேராகப் பலகை அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறினால், அந்தக் கல்லின் உயரம் இவ்வளவென்று நம் முதுகெலும்பே அளந்து சொல்லிவிடும். ஊரில் வசதி படைத்த ஓரிரு குடும்பத்தார் மட்டும் வில்வண்டி வைத்திருந்தனர். அதில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கியிருப்பார்கள். சக்கரம் கல்லின்மீது ஏறும், பட்டை வளையும், மேலே இருப்பவர் வெற்றிலை மடித்துக்கொண்டே போவார். வில் என்னும் சொல்லை அம்பு எய்வதற்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளாமல் வண்டிக்கும் சூட்டினார்களே, அந்தப் பெயரிடும் திறமையை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த வில்லைப் பற்றியதுதான். பழைய விரைவுக்கார் ஒன்றுக்குக் காயிலோவர் என்னும் அமைப்பை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு பொருத்துவது என்பதைச் சொல்லப் போகிறேன். இதைப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்துமூன்று ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்பது ஒன்று. உப்பளத்துக்குள் இறங்கி நின்ற காரொன்றை வெளியே இழுக்கக் கயிறு பிடித்தவர்களுள் நானும் ஒருவன் என்பது மற்றொன்று.

என் பழைய மாணவர் ஒருவர் எங்கள் ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் இருமுறை தவறியவர். அந்நாளில் அவருடைய தந்தையை வரவழைத்து, "உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழில் ஏதாவது பாருங்கள்" என்று சொன்னவன் நானே. அவர் மகன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தந்தையும் மகனுமாகச் சேர்ந்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் பல்லாண்டுகள் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி வந்தார்கள். இரண்டு கதவு வண்டி. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் பந்தயத்தை மனத்தில் கொண்டு பின் இருக்கையை எடுத்துவிட்டு, எஞ்சினையும் சற்று முடுக்கிவிட்டிருந்தார்.

ஹெரால்டு என்பது நம் நாட்டுக் கார்தான். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் 1949 முதல் 1988 வரை கார்களைச் செய்தது. ஹெரால்டு அங்கே 1961-இல் வெளிவரத் தொடங்கியது. அதன் மூலவடிவம் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. அதே ஹெரால்டின் எலும்புக்கூட்டைச் சற்றே குறுக்கி, இரண்டு பேர் அமரும் திறந்த விரைவுக்காராக 1962-இல் ஸ்பிட்பயர் என்னும் பெயரில் கொண்டுவந்தார்கள். 1980 வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்பயர்கள் விற்றன. ஆகவே குடும்பக் காராகத் தோன்றும் ஹெரால்டின் உள்ளே விரைவுக்காரின் எலும்பு இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில், நம் இளைஞர்கள் சாலைக் கார்களையே திருத்திப் பந்தயத்துக்கு விட்டார்கள். அப்பந்தயங்களை நடத்திய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தனிப் பாதை அமைத்துக்கொண்டது.

காயிலோவர் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நீங்கள் காரைத் தேடிப் போகவேண்டியதில்லை. பள்ளி வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் சக்கரத்தின் இரு பக்கத்திலும் ஒரு குழல். அதைச் சுற்றி ஒரு சுருள்வில். வில் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் குழல் வில்லின் ஆட்டத்தை அடக்குகிறது. பட்டறைகளில் அதை ஷாக் என்கிறார்கள், நான் அதிர்வடக்கி என்பேன். நங்கூரமிட்ட தோணி அலை ஓய்ந்த பிறகும் சற்று நேரம் ஆடிக்கொண்டே நிற்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். அடக்கி இல்லாத வில்லின் நிலையும் அதுவே. பட்டைவில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கும். வில்வண்டிக்கு அது போதும். சுருள்வில்லுக்கு அந்த உராய்வு இல்லை. ஆகவே அதிர்வடக்கி இன்றியமையாதது. குழலுக்குள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிவந்த வண்டியின் குழலைத் தொட்டால் சுடும்.

வில்லும் அடக்கியும் ஒரே தண்டில் அமைந்து, வில்லின் கீழ்த்தட்டைத் திருகு வளையத்தால் ஏற்றி இறக்கும் வசதியும் சேர்ந்துவிட்டால், அதைத்தான் இந்நாளில் காயிலோவர் என்று விற்கிறார்கள். ஹெரால்டின் முன்சக்கரங்களில் வில்லும் அடக்கியும் பிறவியிலேயே இவ்வாறு ஒன்றாக அமைந்தவை; திருகு வளையம் மட்டுமே புதியது. மாருதி 800 முதலிய கார்களின் முன்பக்கத்தில் காண்பதும் இதுபோலத் தோன்றும். ஆனால் அது மெக்பெர்சன் தூண் என்னும் வேறு இனம். அங்கே குழலே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் வேலை செய்கிறது. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் மாட்ட இயலாது.

இனி உப்பளத்துக்கு வருவோம்.

மகன் யாரோ பந்தயக்காரர் கழற்றி விற்ற காயிலோவர் இரண்டை வாங்கி வந்து, தந்தை ஊரில் இல்லாத இரண்டு நாளில் முன்சக்கரங்களில் மாட்டிவிட்டான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டுக் கிலோ பாரம் வேண்டும் அளவுக்கு விறைப்பான வில். வண்டியின் முகத்தை ஏழு சென்டிமீட்டர் தாழ்த்தியும் விட்டான். பார்ப்பதற்குப் பாயப்போகும் வேங்கைபோல் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அன்று மாலையே உப்பளங்களுக்கு நடுவே செல்லும் சாலையில், லாரிகளால் குழி விழுந்த ஒரு வளைவில், வண்டி வளையாமல் நேரே சென்று பாத்திக்குள் இறங்கிவிட்டது. பையனுக்கும் உடன் இருந்த நண்பனுக்கும் காயமில்லை. பாத்தியில் அந்நேரம் வேலையாட்கள் இல்லை. மறுநாள் காலையில் அதே பாத்தியில் ஏழெட்டுப் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் அவனுடைய தந்தைக்குக் கைகால் நடுங்கியது. நேரே என் வீட்டுக்கு வந்து, "ஐயா, என்ன நடந்தது என்பது என் கைக்குத் தெரியும், அவனுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் வந்து சொல்லவேண்டும்" என்றார்.

நடந்தது இதுதான். அதிர்வடக்கி முழுவதும் மூடிக்கொள்ளும் முன் தடுப்பதற்காக அதன் தண்டில் ஒரு ரப்பர் முட்டு இருக்கும். வண்டியைத் தாழ்த்தியபின் அந்த முட்டுக்கு மேலே எஞ்சியிருந்த இடம் இரண்டே சென்டிமீட்டர். வளைவில் பாரம் வெளிப்பக்கத்து முன்சக்கரத்தின்மேல் சாய்ந்தது; அதே நொடியில் குழி வந்தது; முட்டு முட்டிவிட்டது. முட்டிய பிறகு வில் இல்லை, கட்டை வண்டிதான். சக்கரம் தரையைப் பற்றும் பிடியை இழந்தது. பிடி இழந்த முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன? வண்டி நேரே போயிற்று. முட்டு ரப்பர் நசுங்கிப் பிளந்திருந்ததை மகனே கழற்றி எடுத்துக் காட்டினான்.

அதன் பிறகே முறையாக வேலை தொடங்கியது. முதல் வேலை எடை காண்பது. எங்கள் பக்கத்தில் உப்பு லாரிகளுக்கான எடைமேடைகளுக்குக் குறைவில்லை. இருவரை அமர்த்தி முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினோம்: 460 கிலோ. சக்கரம் ஒன்றுக்கு 230. இதில் சக்கரம், பிரேக்கு ஆகியவை வில்லுக்குக் கீழே இருப்பவை. வில் அவற்றைத் தாங்குவதில்லை. அவற்றுக்கு முப்பது கிலோ கழித்தால், ஒரு சக்கரத்தில் வில் தாங்கும் நிறை 200 கிலோ.

அடுத்து, பழைய வில்லின் விறைப்பை அளந்தோம். தரையில் ஊன்றிய இரும்புக் குழாயில் வில்லைச் செருகி, மேலே துளையிட்ட பலகை வைத்து, ஐம்பது கிலோ உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒரு மூட்டைக்கு 18 மில்லிமீட்டர் அமுங்கியது, இரண்டுக்கு 37, மூன்றுக்கு 56. ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் இந்த விதியைக் கண்டு, பிறர் கவர்ந்துகொள்வார்களோ என்று அஞ்சி, 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். 1678-இல் தாமே புதிரை அவிழ்த்தார். பாரம் எவ்வளவோ நீட்சி அவ்வளவு. முப்பத்துமூன்று ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உப்பு மூட்டையை ஏற்றி ஒரு வகுப்புக்கும் காட்டியதில்லை.

பழைய வில்லின் விறைப்பு, கணக்குப்படி, மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. கிலோ என்பது நிறையின் அலகு, விசையின் அலகு நியூட்டன் என்று உங்களுள் ஒருவர் எழுந்து நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் சொல்வதே சரி. ஆனால் வில் விற்பவர்கள் கிலோ என்றே எழுதுகிறார்கள். இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வில் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும்? வண்டி தன் வில்லின்மேல் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதே இதற்கு அளவுகோல். குடும்பக் கார்கள் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஆடும். மனிதன் நடக்கும்போது அவன் உடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய வினாடிக்கு இருமுறை; அதற்குச் சற்றுக் குறைவான ஆட்டம் உடலுக்கு உறுத்துவதில்லை. சமமான பந்தயப் பாதையில் ஓடும் கார்களுக்கு இரண்டும், அதற்கு மேலும் வைப்பார்கள். சாலையிலும் ஓடவேண்டிய விரைவுக்காருக்கு ஒன்றரை என்று கொண்டோம். வில்லின் விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை இரண்டு பையால் வகுத்தால் வருவதே வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்னும் எண். இதைத் திருப்பிப் போட்டால், 200 கிலோ நிறை வினாடிக்கு ஒன்றரை முறை ஆடுவதற்குச் சக்கரத்தின் இடத்தில் மில்லிமீட்டருக்கு 1.8 கிலோ விறைப்பு வேண்டும்.

சக்கரத்தின் இடத்தில் என்றேன். ஆனால் வில் சக்கரத்தின் இடத்தில் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையில், சற்று உள்ளே தள்ளி நிற்கிறது. பட்டறையில் அந்தக் கையை லோயர் ஆர்ம் என்பார்கள். சக்கரத்தைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி அளந்தோம். வில் ஆறு சென்டிமீட்டரே அமுங்கியது. விகிதம் 0.6. நான் உடனே 1.8-ஐ 0.6-ஆல் வகுத்து, "மூன்று கிலோ வில் வாங்குங்கள்" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

என் மாணவர் தாளைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த பழைய வில்லைப் பார்த்தார். "ஐயா, பழையது 2.7 இருக்கும்போதே வண்டி தொட்டில் ஆடுகிறது. மூன்று போட்டாலும் தொட்டில்தானே? ஐந்தாவது இருக்கவேண்டும் என்று கைக்குத் தோன்றுகிறது" என்றார்.

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நெம்புகோலில் விசை ஒருமுறை மாறுகிறது. நகரும் தூரம் இன்னொரு முறை மாறுகிறது. சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் வில்லுக்கு 0.6 மில்லிமீட்டர், அங்கே எழும் விசையிலும் 0.6 பங்கே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே விகிதத்தை இருமுறை பெருக்கவேண்டும். 0.6-இன் வர்க்கம் 0.36. 1.8-ஐ 0.36-ஆல் வகுத்தால் ஐந்து. பத்தாம் வகுப்பில் இருமுறை தவறியவரின் கை சொன்ன அதே ஐந்து.

பந்தயக்காரரின் எட்டுக் கிலோ வில்லை இதே கணக்கில் இட்டுப் பார்த்தால் வினாடிக்கு 1.9 ஆட்டம். பந்தயப் பாதைக்கு அது பொருந்தும். உப்பு லாரி ஓடும் சாலைக்குப் பொருந்தாது. எங்கள் சாலைகளை எண்ணி, ஐந்திலும் சற்று இறங்கி நாலரைக் கிலோ வில் வாங்கச் செய்தேன். இதில் என் மாணவருக்கு இன்றும் அவ்வளவு உடன்பாடில்லை.

வில்லைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. வண்டியைத் தாழ்த்துவதற்கென்று பழைய வில்லில் ஒரு சுற்றை அறுத்துவிடுவதும், காஸ் விளக்கால் சுட்டு உட்காரச் செய்வதும் சில இடங்களில் நடக்கிறது. சுற்றுக் குறையக் குறைய வில் விறைப்பாகும். பத்துச் சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஒன்பதில் ஒரு பங்கு ஏறும். சுட்ட இடத்தில் எஃகின் பதமே கெட்டுப்போகும். கம்பியின் தடிப்போ இன்னும் வியப்பானது: விறைப்பு அதன் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால் வில் 46 விழுக்காடு விறைப்பாகிறது. கண்ணால் பார்த்து வில் வாங்கலாகாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

அதிர்வடக்கியை வில்லோடு சேர்த்து, அந்த விறைப்புக்கென்று செய்ததாகவே வாங்கவேண்டும். முழுவதும் நீண்டால் எவ்வளவு, முழுவதும் மூடினால் எவ்வளவு என்னும் இரண்டு நீளங்களையும் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது, மூடும் பக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட இடம் மீந்திருப்பது நல்லது. சக்கரம் தொங்கும்போது வில் தட்டிலிருந்து விலகித் தளர்ந்துவிடவும் கூடாது. திருகு வளையத்தைத் திருகினால் வில் விறைப்பாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. வளையம் வண்டியின் உயரத்தை மாற்றும். விறைப்பு கம்பியில் இருக்கிறது, வளையத்தில் இல்லை.

பொருத்தும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் சட்டத்தின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வைக்காமல் ஒருவரும் வண்டிக்கு அடியில் போகலாகாது. ஹெரால்டில் மேலே மூன்று நட்டும் கீழே ஒரு போல்ட்டும் கழற்றினால் வில்லும் அடக்கியும் ஒரே துண்டாக வந்துவிடும். ஆனால் அந்தத் துண்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை மட்டும், வில்லைக் கவ்வி அமுக்கும் கருவி இல்லாமல் தொடவே கூடாது. அமுங்கியிருக்கும் வில் அந்த ஒரு நட்டின் பிடியில் இருக்கிறது. அவிழ்த்தால் மேல்தட்டு குண்டுபோல் பாயும். புதியதை மாட்டும்போது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கையளவு முறுக்கி நிறுத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகே இறுக முறுக்கவேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துபோகும். பிரேக் குழாய் முழுத் தொங்கலிலும் முழுத் திருப்பத்திலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேரும் மாறும். ஆதலின் வீல் அலைன்மெண்டு பார்க்காமல் சாலையில் இறக்கலாகாது. விளக்கின் நோக்கையும் திருத்தவேண்டும்.

இடப்பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றியபோதுதான், நாங்கள் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதை வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் திருகியிருப்பார்கள். டிரன்னியன் என்பது அதன் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது. கியர் எண்ணெய் செலுத்தவேண்டும். இந்த வண்டியிலோ எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் அடைத்த கிரீஸ் களிமண்ணாக இறுகியிருந்தது. அதன் ஓரமாக நீர் இறங்கி, மரை தொடங்கும் கழுத்தில் துரு தின்றிருந்தது. துடைத்துப் பார்த்தால் மயிரிழைபோல் ஒரு பிளவு. தண்டு அங்கே முறிந்தால் சக்கரம் மடிந்து வண்டிக்குக் கீழே போய்விடும். என் மாணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மகன் புதிய வில்லுக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதி, அன்றே இரண்டு தண்டுகளுக்கும் இரண்டு டிரன்னியன்களுக்கும் போயிற்று. வில் வாங்க மேலும் மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

பின்சக்கரங்களுக்கும் காயிலோவர் போடலாமே என்று மகன் கேட்டான். அங்கேதான் இந்த வண்டியின் குணம் வேறு. பின்னால் குறுக்கே கிடக்கும் ஒரே பட்டைவில் பாரத்தைத் தாங்குவதோடு, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையாகவும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுருள்வில்லைத் தொங்கவிட்டால் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்க ஆளில்லை. புதிய கைகள் செய்து சட்டத்தில் பற்றவைக்க வேண்டும். அது பட்டறை வேலை அன்று, பொறியியல் வடிவமைப்பு. மேலும் அரை அச்சுகள் ஊஞ்சல்போல் ஆடும் அமைப்பு அது. வேகமாக வளையும்போது பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அமெரிக்காவில் செவர்லே கார்வேர் காரின் இதே ஊஞ்சல் அச்சைத்தான் ரால்ப் நாடர் 1965-இல் தம் நூலில் குற்றஞ்சாட்டினார். அந்தக் காருக்கு 1964-ஆம் ஆண்டு மாடலிலேயே முன்பக்கத்தில் சாய்வைத் தடுக்கும் தண்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். முன்பக்கம் சாய்வை அதிகம் ஏற்றுக்கொண்டால் பின்பக்கத்தின் சுமை குறையும். ஸ்பிட்பயருக்கு 1970-இல் பின்வில்லையே மாற்றி அமைத்தார்கள். நம் வண்டலூர்க்காரர்களோ ஹெரால்டுக்குப் பின்வந்த கெசல் காரில் ஊஞ்சல் அச்சையே விட்டுவிட்டு, முழு அச்சுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பின்பக்கத்தில் பட்டைவில்லைப் பிரித்துத் துப்புரவு செய்து, புதிய அதிர்வடக்கிகள் மட்டும் மாட்டினோம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்தியது. ஆதலின் கைவைப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே உப்பளச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். தந்தை ஓட்டினார், நான் அருகில் அமர்ந்தேன். மகன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். இப்போது வண்டி பழைய உயரத்துக்கு இரண்டே சென்டிமீட்டர் தாழ்வு. அடக்கியின் தண்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தைச் செருகியிருந்தோம். அடக்கி எவ்வளவு மூடுகிறதோ அவ்வளவுக்கு அந்த வளையம் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். வளைவு வந்தது. குழியும் வந்தது. வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து, வளைந்து சென்றது. இறங்கிப் பார்த்தோம், வளையத்துக்கும் முட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் மீதி இருந்தது.

கடற்காற்று படும் ஊரில் திருகு வளையத்தின் மரையில் உப்பு ஏறினால் ஓராண்டில் வளையம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே மாதம் ஒருமுறை மகன் அவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மெழுகு பூசுகிறான். டிரன்னியனுக்கு எண்ணெய் விட்ட நாள்களையும் எழுதி வைக்கிறான். அந்தக் குறிப்புகளுக்கு மேலே, நான் கணக்குப் போட்ட தாள் பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் மூன்று என்னும் எண்ணை அடித்துவிட்டு அருகில் ஐந்து என்று எழுதியிருப்பது என் மாணவருடைய கையெழுத்து.